காணாமப் போன நாப்பது நிமிஷம்

அன்னம் செத்துப் போய் வாளியில கெடந்துச்சு.

கொழுந்தன் எட்டிப் பாத்தான். வாளிக்குள்ள பாதி தண்ணி, தண்ணிக்கு மேல அவன் மூஞ்சி. வேற ஒண்ணும் இல்ல.

"பாடியை அடையாளம் காட்ட முடியுமா?"ன்னு அண்ணி கேட்டாங்க.

"மூக்கு மட்டும் என்னுது மாதிரி இருக்கு அண்ணி."

"அப்ப அது வாத்து. நம்ம தேடுறது அன்னம்."

அண்ணிதான் துப்பறியுறவங்க. சாவி வெட்டுற கடைக்கு மேல ஒரு ரூம், ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, அதுல ஒண்ணுக்கு மூணு காலு. கொழுந்தன் அவங்க புருஷனோட தம்பி. வேலை போயி வீட்டுல சும்மா இருந்தவனை, "ரெண்டு நாளைக்குக் கூட வாடா"ன்னு கூட்டிட்டு வந்தாங்க. அந்த ரெண்டு நாளு இன்னும் முடியல. மூணு கால் நாற்காலி அவனுக்குத்தான்.

இப்ப அவங்க நிக்கிறது குளிரறையில. ஐஸ்ல சிலை செதுக்குற பட்டறை. ரெண்டு பேருக்கும் இரவல் கோட்டு கொடுத்திருந்தாங்க. அண்ணிக்கு முழங்கால் வரைக்கும் வந்துச்சு, கொழுந்தனுக்குத் தொப்புள் வரைக்கும்தான் வந்துச்சு. தொப்புளுக்குக் கீழ என்ன ஆச்சுன்னே அவனுக்குத் தெரியல.

"இது மூணாவது மேடம், ஓட்டல்ல இருந்து திரும்பி வந்தது." ஐஸ்காரம்மா உளியைக் கீழ வைக்காமலே பேசினாங்க. "ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கரையில இருக்குற ஓட்டலுக்கு ஒரு அன்னம் அனுப்புறேன். விருந்து மேசைக்கு நடுவுல வைக்க. மொத மாசம் நாலும் ராஜா மாதிரி போய் நின்னுச்சு. அப்புறம் மூணு வாரமா போய்ச் சேரும்போது கழுத்தே இல்ல. கழுத்து இல்லாத அன்னத்தை எவன் அன்னம்னு சொல்லுவான்? மேனேஜர் போன வாரம் தலகாணியான்னு கேட்டாரு மேடம், தலகாணியான்னு."

சொல்லும்போதும் அந்தம்மா கை நிக்கல. எதிர்ல நாளைக்குப் போக வேண்டிய அன்னத்துக்கு ரெக்கை முளைச்சுக்கிட்டே இருந்துச்சு.

"நாளைக்கும் கழுத்து போச்சுன்னா ஓட்டல்காரங்க பிளாஸ்டிக் அன்னத்துக்கு மாறிடுவாங்களாம். அப்புறம் இந்தக் குளிரறையை நான் சாத்திட வேண்டியதுதான்."

"பிளாஸ்டிக் அன்னம் யாருது?"

"அவன் ஒருத்தன் இருக்கான். மூணு வாரத்துக்கு முன்னாடி டேப்போட வந்து என் அன்னத்தோட கழுத்தை அளந்துட்டுப் போனான். அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. அதுல இருந்து பெட்டியைத் தனியா அனுப்புறதே இல்ல. எங்க வீட்டுக்காரரே ஃபிளைட்ல கூடப் போறாரு. பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாரு."

வீட்டுக்காரர் மூலையில நின்னுக்கிட்டு இருந்தாரு. ஒல்லியா, சாந்தமா, புருவத்துல லேசாப் பனி. இவ்வளவு நேரம் கொழுந்தன் அவரையும் ஒரு சிலைன்னுதான் நெனச்சிருந்தான். அவரு கும்பிட்டதும் பின்னாடி நகர்ந்து வாளியில காலை வெச்சுட்டான்.

"தடயத்தை மிதிக்காதடா"ன்னாங்க அண்ணி.

அதுக்குள்ள மத்தியானம் ஆயிருச்சு. "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க"ன்னு ஐஸ்காரம்மா சொன்னாங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாலு டப்பா வந்துச்சு. உக்கார எடம் கிடையாது. நின்னுக்கிட்டே, குளிரறையிலேயே.

"ஏங்க, சீக்கிரம். ரெக்கை காத்திருக்கு. சீக்கிரம், சீக்கிரம்."

வீட்டுக்காரர் நாலு வாய்ல டப்பாவைக் காலி பண்ணினாரு. மெல்லவே இல்ல, தபால்பெட்டியில கடுதாசி போடுற மாதிரி உள்ள போட்டாரு. கொழுந்தன் ஒரு உருளைக்கிழங்கைக் கடிச்சான். உருளைக்கிழங்கு அவனைத் திருப்பிக் கடிச்சுச்சு. அவ்வளவு ஜில்லு.

"தினமும் இப்படித்தானா?"

"ஐஸ் வேலையில உக்காந்து சாப்பிட்டா ஐஸு உருகி ஓடிப் போயிடும் மேடம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நாங்க இப்படித்தான். பழகிருச்சு."

வீட்டுக்காரர் டப்பாவைக் கழுவி வெச்சுட்டு மறுபடி மூலையில போய் நின்னுட்டாரு.

அண்ணி வாளியை ஆட்டிப் பாத்தாங்க. "வெளியில வெச்சா கழுத்து எவ்வளவு நேரம் தாங்கும்?"

"துணி சுத்தி, உடம்பைத் தெர்மாகோல் பெட்டியில வெச்சு, கழுத்தை மட்டும் வெளிய விட்டுருவேன். பெட்டிக்குள்ள அடங்காது. அரை மணி நேரம் கண்ணை மூடிட்டு நம்பலாம். அதுக்கு மேல என் கையில இல்ல."

"ஃபிளைட்டு எவ்வளவு நேரம்?"

"டிக்கெட்டுல இருவது நிமிஷம்னுதான் போட்டிருக்கு."

*

சனிக்கிழமை காலையில ஏர்போர்ட்டுக்குள்ள நுழையும்போதே கொழுந்தன் வாசக் கதவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான். அவன் ஃபிளைட்டுல ஏறினதே இல்ல. மாடிப்படியில நடுவுல நின்னாலே கைப்பிடியைப் பிடிச்சுக்குற ஆளு.

"அண்ணி, நான் ரோட்டு வழியா வரேனே."

"ரோட்டு வழியா வந்தா வளைகுடாவைச் சுத்தி அரை நாளு. இது நேரா நாப்பதே கிலோமீட்டர். அந்தா பாரு, அக்கரை ஏர்போர்ட்டு கோபுரமே தெரியுது."

தெரிஞ்சுச்சு. தண்ணிக்கு அந்தப் பக்கம், பல்குச்சி நட்ட மாதிரி.

சுவத்துல கம்பெனிக்காரங்க பெரிசா ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தாங்க. ஒவ்வொரு பயணத்திலும் ஒவ்வொருவருக்கும் சூடான முழுச் சாப்பாடு.

"இருவது நிமிஷத்துல முழுச் சாப்பாடா? பெல்ட்டு போட்டுக் கழட்டவே எனக்கு அவ்வளவு நேரம் ஆகும்"னான் கொழுந்தன்.

அண்ணி அந்த விளம்பரத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் நேரா கவுண்டருக்குப் போனாங்க.

"போன சனிக்கிழமை இந்த ஃபிளைட்டு எத்தனை மணிக்குப் போய்ச் சேந்துச்சு?"

கவுண்டர்காரர் கம்ப்யூட்டரைத் தட்டினாரு. "கெளம்பினதுல இருந்து ஒரு மணி நேரம் மேடம். அன்னைக்குக் காத்து."

"அதுக்கு முந்தின சனி?"

"அன்னைக்கும் ஒரு மணி நேரம். காத்து."

"வெள்ளிக்கிழமை?"

"இருவது நிமிஷம்."

"காத்துக்கு வாரத்துல ஒரு நாள்தான் டூட்டியா?"

கவுண்டர்காரர் தன் பொறுப்புல இல்லாத விஷயத்தைக் கேட்ட மாதிரி கம்ப்யூட்டரை அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டாரு.

அண்ணி கொழுந்தன் பக்கம் திரும்பினாங்க. "மூணு வாரமா நம்ம ஐஸ்காரம்மா தப்பான விஷயத்தைத் தொலைச்சதா புகார் கொடுத்திருக்காங்கடா. காணாமப் போனது அன்னம் இல்ல. நாப்பது நிமிஷம். அதைக் கண்டுபிடிச்சா கழுத்து தானா நிக்கும்."

"நிமிஷத்தை யாரு அண்ணி திருடுவா?"

"அந்தா வரான் பாரு."

பிளாஸ்டிக்காரன் வந்தான். கக்கத்துல ஒரு பிளாஸ்டிக் அன்னம். கொக்குக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் பொறந்த மாதிரி கழுத்து. வரிசையில நின்னவங்களை எல்லாம் அது கண்ணு மூடாம முறைச்சுச்சு.

"நீ அவன் பின்னாடி சீட்டுல உக்காரு. கண்ணை எடுக்காத"ன்னாங்க அண்ணி.

*

இருவது சீட்டு ஃபிளைட்டு அது. கடைசி வரிசைக்குப் பின்னாடி ஒரு திரை. திரைக்குப் பின்னாடி ஒரு பக்கம் சாப்பாடு சூடு பண்ற அடுப்பு, இன்னொரு பக்கம் பெரிய சாமான் வைக்கிற எடம். அங்கதான் அன்னம், கழுத்துல துணியோட, தொண்டை வலி வந்த பாடகர் மாதிரி உக்காந்திருந்துச்சு. திரைக்கு முன்னாடி சீட்டுல வீட்டுக்காரர். அண்ணி நடுவுல. கொழுந்தன் முன்னாடி, பிளாஸ்டிக்காரனுக்கு நேர் பின்னாடி, ஜன்னலோரமா. சீட்டுப் பைக்குள்ள இருந்த வாந்திப் பையை எடுத்து ரெண்டு கையாலயும் மாருல அணைச்சுக்கிட்டான். நல்ல கெட்டியான பையி. உள்ள மெழுகு பூசினது.

ஃபிளைட்டு நகர்ந்துச்சு. கொழுந்தன் கண்ணை மூடினான்.

மூடினவன் தொறக்கல. பிளாஸ்டிக்காரனை விட்டுக் கண்ணை எடுக்காதன்னு சொன்னாங்கதான். ஆனா மூடின கண்ணு மூடினபடி அவன் பக்கமாத்தானே இருக்குன்னு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கிட்டான். சாப்பாட்டு வாசனை வந்துச்சு. தட்டுச் சத்தம் கேட்டுச்சு. "வேணாம்மா, கொண்டு போயிரு"ன்னான் கண்ணை மூடிக்கிட்டே. கொஞ்ச நேரத்துல தட்டு எடுக்குற சத்தமும் கேட்டுச்சு. பைலட்டு மைக்குல, "காத்து காரணமா கொஞ்சம் தாமதம்"னாரு. அண்ணி நடந்து வந்து பக்கத்து சீட்டுல உக்காந்த வாசனை வந்துச்சு. தேங்காயெண்ணெய்.

"என்ன பண்றான்?"ன்னு அண்ணி காதோரமா கேட்டாங்க.

"யாரு?"

"நீ பாத்துக்கிட்டு இருக்குறவன்."

"அண்ணி, அவனை விடுங்க. எனக்குத்தான் உடம்பு சரியில்ல. காய்ச்சல் வருது. அதுவும் ஒரு மாதிரி காய்ச்சல்."

"என்ன மாதிரி?"

"முதல்ல இடது கன்னம் சுட்டுச்சு. அப்புறம் ஆறிப் போச்சு. அப்புறம் வலது கன்னம். மறுபடி இடது. இப்ப மறுபடி வலது சுடப் போகுது பாருங்க."

கொஞ்ச நேரம் கழிச்சு வலது கன்னம் சுட்டுச்சு.

"கொழுந்தனாரே"ன்னாங்க அண்ணி. அவங்க அப்படிக் கூப்பிட்டா ஒண்ணு திட்டு வரும், இல்ல பாராட்டு வரும். "உனக்குக் காய்ச்சல் இல்ல. அது சூரியன். நேராப் போற ஃபிளைட்டுல வெயிலு ஒரு கன்னத்துலதான்டா அடிக்கும். கண்ணைத் தொறந்து வெளிய பாரு."

"மாட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

"கீழ ஒரு கலங்கரை விளக்கம். வெள்ளையும் சிவப்பும். அது இப்ப அஞ்சாவது தடவையா நம்மளைக் கடந்து போகுது. ஒண்ணு கலங்கரை விளக்கம் நம்மளைத் தொரத்துது. இல்ல நாம அதைச் சுத்துறோம்."

கொழுந்தன் பயத்தை மறந்து ஒரு கண்ணைத் தொறந்தான். முன்சீட்டுல பிளாஸ்டிக்காரன் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கினான். அவன் மடியில பிளாஸ்டிக் அன்னத்துக்கு சீட் பெல்ட்டு போட்டிருந்தாங்க. ஆளு அசையவே இல்ல.

அண்ணி கையைத் தூக்கி ஏர்ஹோஸ்டஸ் பொண்ணைக் கூப்பிட்டாங்க.

"ஏம்மா, சுத்திக்கிட்டே இருக்கோமே, ஏன்?"

"காத்து மேடம்"னுச்சு அந்தப் பொண்ணு, மனப்பாடமா.

"காத்து என் கொழுந்தன் கன்னத்துல அடிக்கல. வெயிலுதான் அடிச்சுச்சு, மாத்தி மாத்தி."

பொண்ணு முன்னாடியும் பின்னாடியும் பாத்துட்டுக் குனிஞ்சுச்சு. "வெளிய சொல்லிராதீங்க மேடம். தட்டு வரல."

"என்னது?"

"ஒரு தட்டு பாக்கி. எல்லா தட்டையும் வாங்கி, வண்டியில அடுக்கி, பூட்டுப் போட்டாத்தான் பைலட்டு கீழ எறக்கலாம். அதுதான் ரூலு. சாப்பிடுறவங்களை அவசரப்படுத்தவும் கூடாது, அதுவும் ரூலு. முழுச் சாப்பாடுன்னு விளம்பரம் பண்ணிட்டாங்கல்ல. மத்த நாளு எல்லாரும் அள்ளிப் போட்டுக்கிட்டுக் கொடுத்துருவாங்க. சனிக்கிழமை மட்டும் ஒரு சார் வராரு. அவரு முடிக்கிற வரைக்கும் சுத்துவோம். அடுப்பையும் அணைக்க முடியாது, ரெண்டாவது தடவை சூடா கேட்டா கொடுக்கணும்."

"அடுப்பு எங்க இருக்கு?"

"திரைக்குப் பின்னாடி. அந்த ஐஸ் பொம்மைக்குப் பக்கத்துல."

"எந்த சார்?"

பொண்ணு கண்ணால காட்டுச்சு.

கடைசி வரிசை. திரைக்கு முன்னாடி. வீட்டுக்காரர் கழுத்துல துண்டைக் கட்டிக்கிட்டு, தட்டுல இருந்த பட்டாணியில ஒண்ணைக் கரண்டியில ஏத்தி, அதை வெளிச்சத்துல பாத்து, வாயில வெச்சு, கண்ணை மூடினாரு. தாடை மெதுவா அசைஞ்சுச்சு. மூஞ்சி கோயில் சிலை மாதிரி இருந்துச்சு. தட்டுல பாதிக்கு மேல மிச்சம். பக்கத்துல கிண்ணத்துல சூப்பு. அதுல அவரு இன்னும் கையே வைக்கல.

கொழுந்தனுக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. காவக்காரன்தான் கொலைகாரன். அன்னம் சாகக் கூடாதுன்னு அனுப்பின ஆளு சாப்பிடச் சாப்பிட, பின்னாடி அன்னத்துக்குக் கழுத்து கரையுது. அது கரையுதேன்னு அந்தம்மா அடுத்த வாரமும் அவரையேதான் காவலுக்கு அனுப்பியிருக்காங்க.

அண்ணி போய் அவரு பக்கத்துல உக்காந்தாங்க. கொழுந்தன் சீட்டு சீட்டாப் பிடிச்சுக்கிட்டு, பையோட, பின்னாடியே போனான்.

"சாப்பாடு நல்லாருக்கா?"

வீட்டுக்காரர் முழுங்கி முடிச்சுட்டுத்தான் பதில் சொன்னாரு. அதுக்கே கால் சுத்து ஆச்சு. "ஆவி வருதும்மா. பாருங்க, ஆவி. உக்காந்து வேற சாப்பிடுறோம். யாரும் சீக்கிரம்னு சொல்றதில்ல." குரலைத் தாழ்த்தினாரு. "அவளைக் குத்தம் சொல்லல. அவ தொழிலு அப்படி. ஆனா எனக்கு வாரத்துல இந்த ஒரு வேளைதான். இன்னொரு ஆச்சரியம் கேளுங்க. நான் கடைசி வாய் சாப்பிட்டுத் தட்டைக் கொடுத்ததும் கரெக்டா ஃபிளைட்டு எறங்குதும்மா. ஒவ்வொரு வாரமும். என்ன அழகா கணக்குப் போட்டு ஓட்டுறாங்க."

கொழுந்தன் அண்ணியைப் பாத்தான். அண்ணி ஜன்னலைப் பாத்தாங்க. கலங்கரை விளக்கம் ஆறாவது தடவையா போச்சு.

"ஐயா, அவங்க போடுற கணக்கே நீங்கதான்"னு அண்ணி ஆரம்பிச்சு, தட்டு, ரூலு, அடுப்பு, கழுத்து எல்லாத்தையும் மெதுவாச் சொன்னாங்க.

அவரு கரண்டி பாதியில நின்னுச்சு. மூஞ்சியில இருந்த வெளிச்சம் எல்லாம் எறங்கிப் போச்சு. தட்டை ரெண்டு கையாலயும் தூக்கி நீட்டினாரு. நீட்டும்போதும் கண்ணு பட்டாணி மேலதான் இருந்துச்சு.

"எடுத்துக்கச் சொல்லுங்கம்மா. அவ ராத்திரி முழுக்க நின்னு செதுக்கினது. நான் போய்ச் சேந்தா ஒண்ணும் இல்ல. அது போய்ச் சேரணும்."

திரைக்குப் பின்னாடி சொட்டு, சொட்டு, சொட்டுன்னு சத்தம் கேட்டுச்சு. கொழுந்தனுக்கு என்ன தோணுச்சோ தெரியல, இவ்வளவு நேரம் மாருல அணைச்சிருந்த வாந்திப் பையை எடுத்து வாயைப் பிரிச்சு நீட்டினான்.

"ரூலுல தட்டுதானே வரணும்? சாப்பாடு வரணும்னு இல்லையே?"

அண்ணி அவனை ஒரு பார்வை பாத்தாங்க. திட்டு இல்ல.

பட்டாணி, உருளைக்கிழங்கு, ரொட்டி எல்லாம் பைக்குள்ள போச்சு. சூப்பையும் ஊத்தினாங்க. மெழுகுப் பையி ஒரு சொட்டு ஒழுகல. தட்டு காலி. பொண்ணு ஓடி வந்து வாங்கி, வண்டியில சொருகி, பூட்டு போட்டுச்சு. டக்குனு சத்தம் கேட்டதுதான் தாமதம், கொழுந்தன் வயிறு தொண்டைக்கு வந்துச்சு. ஃபிளைட்டு கீழ எறங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்பப் பாத்து அவன் கிட்ட பை இல்ல.

*

ஏர்போர்ட்டுல இருந்து ஓட்டல் வரைக்கும் எல்லாரும் வழி விட்டாங்க. முன்னாடி பெட்டியைத் தூக்கிக்கிட்டு அண்ணியும் கொழுந்தனும். பின்னாடி ஒரு பெரிய மனுஷன் வாந்திப் பைக்குள்ள கரண்டியை விட்டு, ரசிச்சு ரசிச்சு சாப்பிட்டுக்கிட்டே நடந்து வராரு. எதிர்ல வந்த ஒரு அம்மா புள்ளை கண்ணைப் பொத்திட்டாங்க. டாக்ஸிக்காரர் கண்ணாடியில ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் வழி முழுக்கக் கண்ணாடியைப் பாக்கவே இல்ல.

விருந்து மேசையில துணியை அவுத்தாங்க. கழுத்து விரல் கனத்துக்கு எளைச்சிருந்துச்சு. ஆனா நின்னுச்சு. எளைச்சதுல அதுக்கு ஒரு நளினமே வந்துருச்சு. மேனேஜர் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "இதான். இனிமே இப்படி ஒல்லியாவே செய்யச் சொல்லுங்க"ன்னாரு. பிளாஸ்டிக்காரன் தன் அன்னத்தைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வெளிய போனான். அது மட்டும் திரும்பி இவங்களை முறைச்சுக்கிட்டே போச்சு.

ஐஸ்காரம்மா போன் பண்ணினாங்க. அண்ணி ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"நின்னுச்சு"ன்னாங்க அண்ணி.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூக்கு உறிஞ்சுற சத்தம். அப்புறம், "யாரு மேடம்? பிளாஸ்டிக்காரன்தானே?"

வீட்டுக்காரர் கரண்டி பைக்குள்ளயே நின்னுருச்சு. ஒரு வார்த்தையில ஒரு குடும்பத்துக் கழுத்து போயிடும்.

"அவன் தூங்கினான். நீங்க உங்க வீட்டுக்காரரை ஒரு கேள்வி கேக்கணும். அவரு கடைசியா உங்க எதிர்ல உக்காந்து சூடா சாப்பிட்டது எப்பன்னு."

உளிச் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அது நின்னுச்சு. பட்டறையில அந்தச் சத்தம் நின்னு கொழுந்தன் கேட்டதே இல்ல.

"ஏங்க"ன்னாங்க ஐஸ்காரம்மா. "பக்கத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"சரி." உளியைக் கீழ வைக்கிற சத்தம். "அவசரம் இல்ல. இனிமே ஞாயித்துக்கிழமைன்னா குளிரறையைச் சாத்திடறேன். மேசை ஒண்ணு வாங்கணும்."

வீட்டுக்காரர் பையைக் கீழ வெச்சுட்டுத் துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு. சூப்பு பட்ட மாதிரிதான் தொடைச்சாரு.

சாயங்காலம் திரும்பிப் போற ஃபிளைட்டு. கொழுந்தன் உக்காந்தான், பெல்ட்டு போட்டான், கண்ணை மூடினான். இருவதே நிமிஷம்னு மனசைத் தேத்திக்கிட்டான். தட்டு வந்ததும் என்ன ஏதுன்னு பாக்காம அள்ளிப் போட்டு முழுங்கிட்டுத் திருப்பிக் கொடுத்தான். தன்னால ஒரு நிமிஷம் கூட லேட்டாகக் கூடாது.

அப்ப பின்னாடி கடைசி வரிசையில அண்ணி குரல் கேட்டுச்சு.

"ஐயா, இப்பத்தான் பின்னாடி அன்னம் இல்லையே. நிதானமா சாப்பிடுங்க. சூப்பு வேணும்னா ரெண்டாவது தடவை கேளுங்க, கொடுக்கணும்னு ரூலு இருக்கு."

"சந்தோஷம்மா"ன்னாரு வீட்டுக்காரர். கரண்டியில ஒரே ஒரு பட்டாணி ஏறுற சத்தம் கேட்டுச்சு.

கொழுந்தனுக்கு இடது கன்னம் சுட்டுச்சு. ஆறிச்சு. அப்புறம், மெதுவா, வலது கன்னம் சுட ஆரம்பிச்சுச்சு.